படகில் கோளாறு எதுவும் இல்லை

பழைய படகு வாங்க வருகிறவன் முதலில் அதன் பக்கவாட்டில் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பான். என்ன சத்தம் வர வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது; ஆனாலும் தட்டுவான். தட்டிவிட்டு, ஏதோ புரிந்ததுபோலத் தலையை ஆட்டுவான். தேங்காய் வாங்கிப் பழகிய கை.

பர்கத்துல்லா சாகிப், நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். கருப்பையா மேஸ்திரியும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் ரங்கூன் ஆற்றில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் செத்துப்போனதற்கு, 'பழைய படகு, இன்ஜின் கோளாறு' என்று உங்கள் ஆட்கள் எழுதிவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். படகில் கோளாறு எதுவும் இல்லை. இந்த அடைக்கப்ப செட்டியார் வைத்திருந்த பொருளில் கோளாறு இருந்தது என்று எங்கள் ஆட்கள் வட்டிக்கடை வைத்திருக்கிற மொகல் தெருவில் ஒருத்தன் சொல்லமாட்டான்.

நல்ல தேக்கு. இன்ஜின் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. உள்ளே நாலு பேர் படுக்க நாலு பலகை, மெத்தை, திரைச்சீலை. படகைக் கரையேற்ற இன்சீன் ரயில் பட்டறை ஆட்களை வைத்து ஒரு நாலு சக்கர வண்டி செய்திருந்தேன். ஓட்டி முடித்ததும் மாடு பூட்டி, படகை அந்த வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்கு இழுத்துவிடுவேன். இந்த ஊரில் மற்றவர்கள் படகைத் தண்ணீரிலேயே ஊறப்போட்டுவிட்டு, புழு துளைத்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பார்கள்.

படகுக்குத் தெய்வானை என்று பெயர். என் மனைவியின் பெயர். எங்கள் செட்டியார்கள் ரங்கூனுக்குக் குடும்பத்தைக் கூட்டி வருவதில்லை. பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போய் முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். நான் அப்படி மந்தையோடு மந்தையாகப் போகிற ஆள் இல்லை. கூட்டி வருவது என்று தீர்மானித்துத்தான் படகையே செய்யச் சொன்னேன். தெய்வானை கப்பல் ஏற மாட்டேன் என்றாள். அப்புறம், பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும் என்றாள். அப்புறம் அதையும் சொல்லவில்லை. அது கிடக்கட்டும், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன தையில் என் மூத்தவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. இனிப் படகு எதற்கு என்று விற்க நினைத்தேன்.

கொட்டகை வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். 'நன்றாகப் பராமரிக்கப்பட்ட குடும்பப் படகு, வண்டியுடன் விற்பனைக்கு. குடும்பஸ்தர்கள் மட்டும் விசாரிக்கவும்.' வந்தவர்களைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒருவன் இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் ஓடாதா என்றான். இன்னொருவன், மெத்தைகளைத் தூக்கி எறிந்துவிட்டால் எத்தனை மூட்டை வெங்காயம் ஏற்றலாம் என்று கேட்டான். மற்றொருவன் முகப்பில் ஏறி உட்கார்ந்து, கீழே நின்ற மச்சானிடம் தான் எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு இறங்கிப் போனான். எல்லோரும் மறக்காமல் தட்டினார்கள்.

விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் வந்தார். பபேடானில் இரும்புக்கடை வைத்திருக்கிற காஜா மைதீன். அவர் தட்டவில்லை. உள்ளே போனதும் தரைப்பலகையைத் தூக்கிக் குனிந்து மோந்து பார்த்தார். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி மேலே போகாது. கீழே இறங்கிப் பலகைக்கு அடியில் தேங்கி நிற்கும். அதனால் இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னலையும் தரைப்பலகையையும் திறந்து காற்றாட விட வேண்டும். உள்ளே ஒரு சுருட்டுகூடப் பற்றவைக்கக் கூடாது. ஆயுத பூஜைக்கும் நான் இன்ஜினுக்குச் சந்தனமும் பூவும் வைப்பதோடு சரி; கற்பூரம் கரையில்தான். காஜா மைதீனுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. சொன்ன விலைக்கும் சம்மதித்தார்.

"பலகையில குடும்பஸ்தர்னு போட்டிருக்கீங்க. எனக்கு வீட்ல யாரும் இல்ல செட்டியாரே, நான் ஒண்டிக்கட்டை. பரவாயில்லையா?" என்று கேட்டார்.

ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்று பொய் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். குடும்பப் படகைத் தனி ஆளுக்கு விற்பதில் எனக்கு இஷ்டமில்லை.

அதற்குப் பிறகுதான் கருப்பையா வந்தான். அரிசி ஆலைகளுக்குக் கூலி ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். கப்பலின் அடித்தட்டில் வந்து இறங்கியவனுக்கு இப்போது சட்டைப் பையில் தங்கக் கடிகாரம். மணி பார்க்கத் தெரியுமா என்பது சந்தேகம். கூடவே பெண்டாட்டி சொர்ணம்மாளும் இரண்டு பெண் பிள்ளைகளும். வெள்ளோட்டம் பார்க்க அவர்களை ஆற்றில் கூட்டிப் போனேன். பிள்ளைகள் துறைமேட்டில் வாங்கிய மொஹிங்காவை, மீன் சாறு சொட்டச் சொட்ட, என் மெத்தைமேல் உட்கார்ந்து தின்றன. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அலை அடித்தால் சிரிப்பு, ஸ்டீமர் ஊதினால் சிரிப்பு. பிறகு நாலு பேரும் நாலு பலகைகளில் படுத்து அளவு பார்த்தார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது.

"பேர மாத்திரணும். சொர்ணம்னு எழுதச் சொல்லுவோம்" என்றான் கருப்பையா.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. "வேணாங்க. அந்த ஆச்சி பேராவே இருக்கட்டும். பாவம், ஆசையாப் பண்ணி வச்சிட்டு ஒத்தையில கெடக்காரு மனுசன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "செட்டியாரய்யா, நீங்களும் ஒரு நாளைக்கி எங்ககூட வாங்களேன். நான் சோறு கட்டியாறேன்."

ஒரு கூலி மேஸ்திரியின் பெண்டாட்டி எனக்காகப் பாவப்படுகிறாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் என்று எழுதாதீர்கள்; கோபப்பட வேண்டுமானால் எதிரே நிற்பவர்களுக்கு ஒரு தரம் வேண்டும். அன்றைக்கே கருப்பையாவுக்குப் படகைப் பேசி முடித்தேன்.

ஓட்டுவதற்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சுக்கானை எப்படிப் பிடிப்பது, நீரோட்டத்தில் எப்படித் திருப்புவது, வண்டியில் எப்படி ஏற்றுவது. ஜன்னலையும் தரைப்பலகையையும் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை, தட்டிப் பார்ப்பதோடு அவன் படிப்பு முடிந்துவிட்டது. சொர்ணம்மாள்தான் ஒன்று கேட்டாள். "பிள்ளைங்களுக்கு மேல கட்டிவிட மிதவை ஏதும் இல்லீங்களா?" இல்லை என்றேன்.

நீங்கள் முஸ்லிம், எங்கள் ஆட்களின் பழக்கம் முழுதும் தெரிந்திருக்காது. வண்டியோ மெஷினோ எது வாங்கினாலும் பூஜை போடாமல் ஓட்ட மாட்டார்கள். பூ, சந்தனம், தேங்காய், கடைசியில் கற்பூரம். கற்பூரம் காட்டினால்தான் இன்ஜினுக்குத் திருப்தி என்று எண்ணம். கருப்பையா இதைத் தவறாமல் செய்வான் என்று எனக்குத் தெரியும். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் கொட்டகைக்குப் போய், பெட்ரோல் தொட்டியிலிருந்து வரும் குழாயின் மூட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஜன்னல்களை இறுக மூடினேன். வேறொன்றும் செய்யவில்லை.

காலையில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். எலுமிச்சம்பழம் நசுக்கப் படகுக்குச் சக்கரம் இல்லையே என்று கருப்பையா வெகுநேரம் யோசித்து, கடைசியில் காலி வண்டியின் சக்கரங்களுக்கு வைத்து நசுக்கினான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. கரையில் நின்று கற்பூரம் ஏற்றப் பார்த்தான். ஆற்றுக்காற்று அணைத்துவிட்டது.

"உள்ள கொண்டுபோயி இஞ்சினுக்கே காட்டு" என்றேன். "கதவைச் சாத்திக்கிட்டா அணையாது. எல்லாருமாச் சேந்து கும்பிடுங்க. குடும்பப் படகாச்சே."

சொர்ணம்மாள் வாசலிலேயே நின்று முகத்தைச் சுளித்தாள். "என்னமோ வாடை தூக்குதே, செட்டியாரய்யா?"

"இஞ்சின் படகுல பின்ன மல்லிகைப்பூவா மணக்கும்?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளை முன்னால் விட்டுப் பின்னால் போனாள். கதவை நான்தான் வெளியிலிருந்து சாத்தினேன். பிறகு கயிற்றை அவிழ்த்து, கழியால் படகைத் தள்ளிவிட்டேன். துறைமேடு புதிதாகத் தார் பூசியது. அடுத்தவர்கள் பொருளுக்குச் சேதம் வரக்கூடாது அல்லவா.

பிறகு நடந்ததை உங்களுக்குச் ஆற்றிலிருந்த சாம்பான் படகுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. எலுமிச்சம்பழச் சாற்றைத் துடைத்துவிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். படகு நன்றாக இருந்தது. அவர்களைக் கொன்றது நான். படகை நினைத்துத்தான் செய்தேன். மீன் நாற்றம் பிடித்து, கண்டவன் கைபட்டுச் சீரழிவதைவிட, நன்றாக இருக்கும்போதே முடிந்துபோவது அதற்கு மரியாதை. காஜா மைதீனுக்குக் கொடுத்திருந்தால் நன்றாக வைத்திருப்பாரே என்று கேட்கிறீர்கள். சொன்னேனே, அவர் தனி ஆள். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கருப்பையாவிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? எனக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது.

சின்னப் பெண்ணைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது உடம்பில் தீப்பட்ட அடையாளமே இல்லை என்கிறீர்கள். வெடித்து உடைந்த ஜன்னல் வழியாக வெளியே விழுந்திருப்பாள். மிதவை கட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள், இருக்கலாம். குழந்தைகள் அளவுக்குச் செய்த தக்கை மிதவைகள் இரண்டு என் அறைச் சுவரில் தொங்குகின்றன. ஆள் அனுப்பிப் பாருங்கள், புதுக்கருக்குக் கலையாமல் இருக்கும். ஆனால் எடுத்துக்கொண்டு வந்துவிடச் சொல்லாதீர்கள். அவை விற்பனையில் சேர்த்தி இல்லை. என் பிள்ளைகள் வந்தால் வேண்டியிருக்கும்.