முதல் ஓட்டத்துக்கு முன்

ஹீட் பம்ப் என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஐயா. ஃபிரிட்ஜ் தன் வயிற்றில் இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது அல்லவா, அதையே வீட்டுக்குத் திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளியே பல் கிட்டும் குளிராக இருந்தாலும் அந்தக் காற்றிலும் கொஞ்சம் சூடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சுரண்டி உள்ளே கொண்டுவருகிறது. நெருப்பு இல்லை, புகை இல்லை. ஒழுங்காகப் பொருத்தினால் வீட்டில் அதைவிடப் பத்திரமான சாதனம் கிடையாது, இஸ்திரிப் பெட்டி உட்பட.

நான் இந்த வேலையிலேயே தலை நரைத்தவன். என் கை பட்ட இடத்தில் ஒரு குழாய் ஒழுகியதில்லை, ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு 'கடைசித் திருகு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களெல்லாம் வண்டியில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒவ்வொரு திருகாணியையும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேலிதான். ஆனால் மறை கழன்றவன் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை.

அத்தானைப் பற்றிக் கேட்டீர்கள். என் அக்காவின் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்தவர். சாப்பாட்டு மேசையில் நம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் அங்கேயேதான் இருக்கும். நாம் ஒரு வார்த்தை பேசினால் பாதியிலேயே மிதிப்பார். குடும்பத்தில் அவருக்கு 'அம்பயர்' என்று பெயர். மழை வரும் என்றால் வராது என்பார். குடையை வைத்துவிட்டுக் கிளம்பினால் வரும் என்பார். கெட்டவர் இல்லை. யாரையும் அடித்ததில்லை, குடித்ததில்லை. இதை நான் சொல்வதற்குக் காரணம், எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு உறுத்தியது அந்த வீட்டின் குளிர் மட்டும்தான்.

குளிர்காலத்தில் அக்கா வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்ற மனம் வராது. தரை அப்படிச் சில்லிடும். வீட்டைச் சூடாக்கப் பின்கட்டில் இருந்த பழைய கேஸ் பாய்லர் பேருக்கு எரியும். சுவரில் அதன் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரில் கை வைத்தால் காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதன் நடுவில் அத்தான் இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர் சகிதம் நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருப்பார், சிக்கனத்துக்குச் சிலை வைத்தது போல. அக்கா மெல்லிய பருத்திச் சட்டையோடு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருப்பாள். நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள்கூட அவள் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அவர் போடவிடவில்லை என்று புரிந்துகொண்டேன்.

அக்காவிடம் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டேன். தனக்கு இதுதான் வசதி என்றாள். அப்படிச் சொல்லும் பெண்கள் எதை விழுங்கிக்கொண்டு சொல்கிறார்கள் என்பது உங்கள் வேலையில் உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். தன் போர்வையை எனக்குப் போர்த்திவிட்டு வெறும் பாயில் தூங்கியவள். அப்போதும் தனக்குக் குளிரவில்லை என்றுதான் சொல்வாள்.

ஹீட் பம்ப் போட வேண்டும் என்று அத்தானே கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவர் கேட்ட கேள்வியில் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகச் சூடு வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். தான் உட்காரும் ஹாலில் நன்றாகச் சூடு வைத்துக்கொண்டு படுக்கையறையைக் குளிரவே விட்டுவிடலாமா என்றார். விடலாம் என்றேன். என் அக்கா தூங்கும் அறை அது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சம்கூட இருந்தது.

அந்த நிமிடம் முடிவெடுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது சரியாக இருக்காது. முடிவு என்று நான் எதையும் எடுக்கவில்லை. வேலைகளை வரிசைப்படுத்தினேன்.

வேலை எப்படி நடந்தது என்று உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். வெளி யூனிட்டைக் கிழக்குச் சுவரோரம் வைக்க வேண்டும். அங்கேதான் காற்று தடையில்லாமல் வந்து போகும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் சத்தம் போகாது. ஆகவே மேற்குச் சுவர்தான் சரி என்று அத்தானிடம் சொன்னேன். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கிழக்குதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் விட்டுக்கொடுத்தேன். மின்சாரத்துக்குப் பிரேக்கர் தனியாக வேண்டாம் என்றேன், வேண்டும் என்றார். தனியாகப் போட்டேன். இப்படி எல்லாமே விதிப்படி அமைந்தது. அவரோடு வேலை செய்வது சிரமம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குச் சுலபமாக இருந்தது.

அழுத்தமான தாங்கி போட்டு, தண்ணீர் வழிந்தோட வாட்டம் பார்த்து யூனிட்டை உட்கார வைத்தேன். எர்த் கம்பியை மீட்டர் வைத்துச் சோதித்தேன். செம்புக் குழாய்களை வெட்டி, விளிம்பில் பிசிறு இல்லாமல் தேய்த்து, அளவு ஸ்பானரால் மட்டுமே முறுக்கினேன். நிறைய பேர் கைக்கு வந்தபடி முறுக்குகிறார்கள், அங்கேதான் சூட்டைச் சுமக்கும் கேஸ் கசிகிறது. நைட்ரஜன் ஏற்றி, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, ஒரு குமிழி வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வரவில்லை. பிறகு பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கேஸைத் திறந்தேன். ஹாலிலும் படுக்கையறையிலும் ஊதும் பெட்டிகளை மட்டம் பார்த்து மாட்டினேன்.

இனிதான் முக்கியமான கட்டம். மின்சாரம் கொடுத்ததும் ஹீட் பம்பை ஓட்டிவிடக் கூடாது, ஐயா. கம்ப்ரெஸருக்கு அடியில் எண்ணெய் இருக்கும். குளிரில் அதற்குள் கேஸ் போய்க் கரைந்து கிடக்கும். அப்படியே ஓட்டினால் எண்ணெய் நுரைத்துப் பொங்கி, புது இயந்திரம் அன்றைக்கே படுத்துவிடும். அதற்காக உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு இரவு முழுக்கச் சும்மா விட வேண்டும். எண்ணெய் சூடேறிய பிறகு, மறுநாள் காலையில்தான் முதல் ஓட்டம். எல்லாக் கம்பெனியும் இதைத்தான் சொல்கிறது. நானாகச் சேர்த்தது எதுவுமில்லை.

ஆக, அந்த ஓர் இரவு அந்த வீட்டில் புதுச் சூடு கிடையாது. பழைய பாய்லர்தான் பாக்கி.

பாய்லரைக் கழிப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. முதலில் அதில் எரிவதற்கு வரும் கேஸைத் துண்டிக்க வேண்டும். அதன் பிறகு, மழையும் குருவியும் இறங்காமல் இருக்கக் கூரைக்கு மேலே போகும் புகைக்குழாயை அடைக்க வேண்டும். நான் அன்றைக்குப் புகைக்குழாயை அடைத்துவிட்டேன். கேஸை மறுநாள் துண்டிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வேலையும் செய்ய வேண்டியவைதான். முன்னும் பின்னுமாக மாற்றினேன், அவ்வளவுதான்.

பின்கட்டுச் சுவரில் விஷப்புகை வந்தால் கத்தும் அலாரம் ஒன்று இருந்தது. பேட்டரி தீரும்போது அது கீச்சுக் கீச்சென்று கத்தியிருக்கிறது. அத்தான் பேட்டரியைக் கழற்றி அதன் தலையிலேயே வைத்திருந்தார். நான் எந்த வீட்டுக்குப் போனாலும், என் வேலையே இல்லை என்றாலும், இப்படி ஒன்றைப் பார்த்தால் பையிலிருந்து புது பேட்டரி எடுத்துப் போட்டுவிடுவேன். அன்றைக்கும் பையில் இருந்தது.

அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். வீடு குளிரும், ஒரு ராத்திரி எங்களோடு படுத்துக்கொள் என்றேன். என் மனைவி அவளுக்கு மெத்தை விரித்து வைத்திருந்தாள். அத்தானையும் கூப்பிட்டேன். கூப்பிட்டதற்கு அக்காவே சாட்சி. அடுத்தவர் வீட்டில் அவருக்குத் தூக்கம் வராது, அது ஊரறிந்த விஷயம்.

கிளம்பும்போது ஹீட் பம்பின் ரிமோட்டை என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கை சும்மா இருக்காதல்லவா, இயந்திரம் கெட்டுவிடக் கூடாதே. பிறகு வாசலில் நின்று அவரிடம் சொன்னேன்.

"அத்தான், பாய்லரை மட்டும் இன்னைக்குத் தொடாதீங்க. எப்படியும் அதைப் பத்த வைக்கிற பக்குவம் உங்களுக்குத் தெரியாது."

"சரி மச்சான், நீ கிளம்பு" என்றார்.

ஏன் தொடக் கூடாது என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அம்பயர்கள் கேட்பதில்லை. எச்சரிக்கை செய்வது நிறுவுபவரின் கடமை. அதை வாய்மொழியாகச் செய்துவிட்டேன். அதற்குப் பின்னால் ஒட்டிய வாக்கியம் எச்சரிக்கையில் சேராது, அதை ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடமாகப் பார்க்கிற மனிதர். உங்களுக்குத் தெரியாது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அதைச் செய்து காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அன்று எங்கள் வீட்டில் அக்கா சரியாகத் தூங்கவில்லை. ஹீட்டரைக் குறைக்கச் சொன்னாள், பிறகு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். இத்தனை வருடம் குளிரில் கிடந்தவளுக்குச் சுகம் பழகவில்லை, பழகிவிடும் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

காலையில் ரிமோட்டோடு நான் மட்டும் போனேன். கதவைத் திறந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அதுதான் முறை. அவசரப்பட்டு உள்ளே ஓடுகிறவர்கள்தான் இரண்டாவது ஆளாக விழுகிறார்கள். பிறகு உள்ளே போனேன், அப்போதும் வீடு முழுக்கக் கதகதப்பாக இருந்தது. அத்தான் நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார், மேலே மஃப்ளர். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஆள் சின்னவராகத் தெரிந்தார். முகத்தில் ஒரு நிறைவு. என்னை ஜெயித்த நிறைவு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பாய்லரை அணைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, பாதியில் நின்ற வேலையை முடிக்கப் போனேன். எடுத்த வேலையை நடுவில் விட்டுப் பழக்கமில்லை. முதல் ஓட்டம் அருமையாக வந்தது, ஐயா. அதிர்வு இல்லை, முனகல் இல்லை. பூ மலர்கிற மாதிரி சூடு பரவியது. படுக்கையறையில் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதை அணைச்சிடுடா" என்றாள்.

பழகிவிடும் என்றேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்குச் சூடு ஆகாதுடா. கல்யாணமான நாள்லேர்ந்து ஆகாது. தலை வெடிக்கும், மூச்சு முட்டும். அவருக்குக் குளிர் ஆகாது. எனக்காக ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பார். அவருக்கு ஒரு ரூம், எனக்கு ஒரு ரூம்னு இருக்கட்டும்னுதான் இந்த மெஷினே வாங்கினார். அன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ணினார். நீ இல்லாத ஒரு நாளாவது பாய்லரை நல்லா வெச்சுச் சுகமா தூங்கறேன்னார். தூங்குங்கன்னு நான்தான் சொன்னேன்."

துக்கத்தில் இருக்கிறவள் பேச்சு. அவள் எப்போதுமே யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டாள், அந்த ஆள் செத்துப்போன பிறகுகூட. அவள் வற்புறுத்தியதால் இயந்திரத்தை அணைத்தேன். நான் தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், படுக்கையறை ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

இன்றைக்கு நானாக இங்கே வந்ததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் விசாரித்துவிட்டு, நிறுவியவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சிறு தண்டனையோடு போய்விடும் என்று வக்கீல் கையைக் குலுக்கினார். கவனக்குறைவு. இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேஸைத் துண்டிக்க மறந்துவிட்டேன் என்று ஒரு கற்றுக்குட்டியைச் சொல்வது போல என்னைச் சொல்கிறார்கள். நான் மறக்கவில்லை. புகைக்குழாயை அடைத்தபோது தெரிந்துதான் அடைத்தேன். கேஸைத் தெரிந்துதான் விட்டுவைத்தேன். பேட்டரியைத் தெரிந்துதான் போடவில்லை. அத்தானை நான்தான் கொன்றேன். எல்லாமே நான் போட்ட கணக்குப்படி, ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

அக்கா உங்களிடம் வந்து அந்த போன் விஷயத்தைச் சொன்னால் தயவுசெய்து பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் குளிருக்காகப் பாய்லரைப் பற்றவைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நான் சொன்னேன் பாருங்கள், அதற்காகத்தான் பற்றவைத்தார். அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.