பருப்பு வெந்த தண்ணி

இப்போதெல்லாம் யாரும் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. பேப்பரில் வைத்துப் பார்க்கிறார்கள். யாரோ ஒரு அதிகாரி வந்து நாலு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் போதும். ஒரு மாசத்தில் ‘நீ குடிப்பது விஷம்’ என்று காகிதம் வருகிறது. ஊரே தலையாட்டுகிறது. எதிர்த்துக் கேட்க ஒருத்தனுக்கும் வாயில்லை.

என் பேர் சிங்காரம். வயது எழுபத்து மூன்று. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், சாயக் கம்பெனிக்குப் பின்னால் எங்கள் தெரு. இருபத்திரண்டு வீடு. அந்தக் காலத்தில் தெருக்குழாயில் வந்தது உப்புத் தண்ணி. எத்தனை விறகு வைத்தாலும் அதில் பருப்பு வேகாது. என் பொண்டாட்டி இருசம்மாள் ஒரு மைல் நடந்து நல்ல தண்ணி சுமந்தவள். சுமந்து சுமந்தே போய்ச் சேர்ந்தாள். அவள் நினைவாகத்தான் தெருவுக்கு ஒரு போர் போட்டேன். பேர் வெட்டின கல்லும் பதித்தேன். முதல் நாள் அந்தத் தண்ணியில் துவரம்பருப்பு போட்டுப் பார்த்தோம். பஞ்சு மாதிரி வெந்தது. பருப்பு வேகிற தண்ணிதான் நல்ல தண்ணி. இது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் போருக்குத்தான் சீல் வைத்தார்கள். வினோதினி என்று ஒரு அதிகாரி. சின்னப் பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள்.

“கம்பெனிக்காரன் விட்ட கழிவு மண்ணுல எறங்கி உங்க போர் வரைக்கும் வந்துடுச்சுங்க ஐயா. இது கிட்னியைத் தின்னுடும். கெடுத்தவன்தான் மாத்துத் தண்ணி குடுக்கணும், மண்ணையும் சுத்தம் பண்ணணும். அதுதான் சட்டம். நாளையிலருந்து அவன் செலவுல டேங்கர் வரும்.”

“பருப்பு வேகுதேம்மா?” என்றேன்.

“வேகறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க ஐயா.”

கூட்டத்தில் ஆண்டி என்கிறவன், என் கையால் எத்தனையோ தடவை இதே தண்ணியை வாங்கிக் குடித்தவன், பல்லைக் காட்டினான். “மாமா, அத்தை பேரைச் சொல்லி எங்களுக்கு வெசத்தையா ஊத்துனீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டேங்கர் தண்ணியை ஊற்றிவைக்கத் தெருமுனையில் ஒரு கறுப்புத் தொட்டி வைத்தார்கள். அதன் சாவி என்னிடம்தான் இருந்தது. மற்றவர்களெல்லாம் நூறு நாள் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள், பகலில் தெருவில் இருக்கிறவன் நான் ஒருத்தன்தான். காலை பத்து மணிக்கு டேங்கர் ஊற்றிவிட்டுப் போகும். பதினோரு மணிக்கு தொட்டிக்கு அடியில் இருக்கிற குழாயைத் திறந்து அத்தனையையும் பக்கத்துத் தென்னந்தோப்புக்கு விடுவேன். பிறகு என் வீட்டுக் கரண்டிலிருந்து ஒயர் இழுத்து, போர் மோட்டாரைப் போட்டு, தொட்டியை இருசம்மாள் தண்ணியால் நிரப்புவேன். ஸ்டார்டர் பெட்டியில் வைத்த சீலை நான் தொடவில்லை. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றேமுக்கால் வருஷம் இப்படி. ஒரு நாள் தவறவில்லை.

சாயங்காலம் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். “இந்த டேங்கர் தண்ணியில பருப்பு எப்பிடி வேகுது பாரேன்” என்று பேசிக்கொள்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

எதிர்வீட்டு பவானியின் மகள் தமிழ்ச்செல்விக்கு எட்டு வயது. காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கும். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் டேங்கர் தண்ணி மட்டும்தான் என்று டாக்டர் சொன்னாராம். பவானி வந்து என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

“மாமா, தொட்டி ரொம்புனதும் மொதக் குடம் பாப்பாவுக்கு எடுத்து வச்சிடுங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்.”

போர் மோட்டாரை நிறுத்தினதும் எடுத்து வைத்தேன். மூடி போட்டு, அவள் வாசலுக்கே கொண்டுபோய் வைத்தேன். வேலை முடிந்து வருகிறவள், அலையவேண்டாம் என்று.

வினோதினி மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க ஆள் கூட்டிவருவாள். போரை மூடியும் தெருவில் யாருக்கும் கிட்னி வியாதி குறையவில்லை. கம்பெனி வக்கீல் கோர்ட்டில் அதைத்தான் பிடித்துக்கொண்டாராம். ‘போர் மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, வியாதி மட்டும் ஏறுகிறது, அப்படியானால் எங்கள் கழிவு காரணமில்லை’ என்று. ஒரு படித்த மனுஷனே சொல்கிறார் பார் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் தமிழ்ச்செல்வி போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே சவலை உடம்பு.

தை மாசம் ஒரு பகலில் வினோதினி சொல்லாமல் வந்தாள். தென்னந்தோப்பில் தண்ணி ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

கடலூரில் விசாரணை வைத்தார்கள். பவானியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். நானும் அதே தண்ணியைத்தான் குடித்தேன், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டேன். வினோதினி எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

“உங்க பொண்ணு எழிலரசி செம்மண்டலத்துலருந்து சனிக்கிழமை தோறும் கைக்குழந்தையோட வருவாங்களாமே.”

“வரும்.”

“அவுங்க வர்ற அன்னைக்கு மட்டும் கடையில கேன் தண்ணி வாங்குவீங்களாம். எதுக்கு?”

“பச்சைக் குழந்தை. தண்ணி மாறுனா சளி புடிச்சுக்கும்.”

அவள் எழுதவில்லை. பவானி மட்டும் மெதுவாகக் கேட்டாள். “தெரிஞ்சுதான் எடுத்து வச்சீங்களா மாமா?”

கைநாட்டு வாங்கிக்கொண்டு, திரும்பக் கூப்பிடுவோம், இப்போது போகலாம் என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். பவானி பின்னாலேயே வந்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சளி பிடிக்கும் என்றுதான் வாங்கினேன். பருப்பு வெந்ததா இல்லையா? அதற்கு அங்கே ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.