பைசால் பாட்டனும் பதினோரு பிழைகளும்

ஆழ்ந்த வருத்தத்தோடு ஒரு செய்தியை அறிவிக்கிறேன்: நம் பள்ளி உணவகத்தில் இறைச்சி சம்சா தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது உருளைக்கிழங்கு மட்டுமே. கலங்க வேண்டாம்.

அவையை ஆளும் தலைமையாசிரியர் அவர்களே, நரின் நகரிலிருந்து பனியையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, என் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகும் என்னை வீட்டுக்குள் விடும் தாய்மார்களே, மேசைக்கடியில் கைபேசி வைத்திருக்கும் தோழர்களே, வணக்கம்!

செயற்கை நுண்ணறிவும் மாணவர் நேர்மையும். இது எனக்குத் தந்த தலைப்பு. ஐயம், ஐயா, ஐயம்! இன்று இப்பள்ளியை ஆள்வது அதுதான். ஆசிரியருக்கு மாணவன்மேல் ஐயம். மாணவனுக்கு ஆசிரியர்மேல் ஐயம். அவர்கள் தரும் வினாத்தாளை எழுதியது யார் என்று நாங்கள் கேட்டோமா? நன்றாக எழுதினால் இயந்திரம், நாசமாக எழுதினால் மிர்லான்! என்ன சிரிப்பு அங்கே? ஆம், மிர்லான் நான்தான்.

சென்ற மாதம் வரலாற்று ஆசிரியை சாய்ராகுல், ஏழு தலைமுறைப் பாட்டன்மாரைப் பற்றிக் கட்டுரை கேட்டார். திருத்தும்போது திடுக்கிட்டார். என் ஐந்தாம் பாட்டன் பைசால், ஒற்றைக்கண் குதிரையில் கணவாய் கடந்தவர். வகுப்புத் தோழி பெகிமாயின் ஐந்தாம் பாட்டனும் அதே பைசால், அதே குதிரை, அதே கண்! ஏழு தலைமுறைக்குள் ஒரே பாட்டன் என்றால் நம் வழக்கப்படி அண்ணன் தங்கை அல்லவா? பின்வரிசை உலான் அன்றே கேட்டான்: “டேய், இனி அவளுக்குப் பூ குடுக்க முடியாது. அவ கல்யாணத்துல பரிமாறத்தான் முடியும் போல?”

விசாரணை நடந்தது. என் தாளில் பதினோரு பிழைகள். அவள் தாளில் ஒன்றுகூட இல்லை.

“மிர்லானோடதுல தப்பு இருக்கு, அது அவனே எழுதினது. உன்னோடது ரொம்ப சுத்தமா இருக்கேம்மா” என்றார் ஆசிரியை.

பெரியப்பாவிடம் போனில் கேட்டு எழுதியதாகப் பெகிமாய் சொன்னாள். நம்பியவர் யார்? தலைநகர் பிஷ்கேக்கில் நடக்கும் கட்டுரைப் போட்டிக்குப் போக வேண்டிய அவள் பெயர் நிறுத்தப்பட்டது. நானோ நடைவழியெங்கும் நெஞ்சு நிமிர்த்தி முழங்கினேன்: என் கை, என் பேனா, என் பிழை!

இயந்திரத்தை நம்பலாமா? அதற்குப் பாட்டனும் இல்லை, பயமும் இல்லை. ஆனால் யாரை ஐயுற வேண்டும்? திரைக்கு அந்தப் பக்கம் இருப்பதையா, இந்தப் பக்கம் இருப்பவனையா? நேற்று பெகிமாய் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “எங்க பைசால் பாட்டன உனக்கு எப்படித் தெரியும்?”

பதில் சொல்லத்தான் மேடை ஏறினேன். அவள் நோட்டைச் சும்மா பார்ப்பதாக வாங்கிப் படமெடுத்தேன். இதேபோல எனக்கும் எழுது என்று இயந்திரத்திடம் கொடுத்தேன். என் பாட்டன்மாரில் நான்கு பேரைத்தான் சொன்னேன். மீதி மூவரை அது அவள் தாளிலிருந்தே எடுத்துக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. கவனித்தாலும் பயனில்லை, நான்குக்கு மேல் எனக்குத் தெரியாது.

அந்தப் பிழைகள்? நானே எழுதியதுபோல் இருக்க வேண்டும், பதினொன்று போடு என்று கேட்டு வாங்கினேன். பிழைகூட என்னுடையதில்லை, டீச்சர். நிறுத்த வேண்டியது என் பெயர்.

இந்த உரையையாவது நானே எழுதினேன். நம்பவா போகிறீர்கள்? பொறுத்தருளிய அனைவருக்கும் நன்றி, வணக்கம்.