போடி சந்தையில் உடைந்த டானிக் பாட்டில்கள் குறித்து அன்னக்கொடி சொன்னது

1982-ஆம் வருடம் செப்டம்பர் மாதம், போடிநாயக்கனூர் காவல் நிலையத்தில், ராசிங்காபுரம் காளியம்மன் கோயில் தெரு காசிமாயன் மனைவி அன்னக்கொடி, வயது முப்பத்திரண்டு, விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் என் கணவரின் தங்கை பொன்னுமணியுடனும் குடியிருந்து வருகிறேன். பொன்னுமணியின் கணவர் திருப்பூரில் மில் வேலையில் இருப்பதால் அவள் எங்களோடு இருக்கிறாள். நாங்கள் இருவரும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் சிக்கந்தர் என்பவர் ஓட்டும் ஜீப்பில் மலை ஏறி, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவோம். சிக்கந்தரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். புகார்தாரர் திருப்பதியை இந்த வருடம் ஆடி மாதத்திலிருந்துதான் தெரியும். சந்தையில் நான் அவருடைய டானிக் பாட்டில்களை உடைத்து மைக்கைப் பறித்ததாக அவர் கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் ஜீப்பு நிற்கும் இடத்தில் திருப்பதி பாட்டில் பெட்டிகளோடு வந்து, தானும் மலைக்கு வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டார். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பாட்டிலில் வைட்டமின் எல்லாமே இருக்கிறது என்றும், பட்டணத்தில் டாக்டர்களே இதைத்தான் குடிக்கிறார்கள் என்றும் சொன்னார். பாட்டில் மேல் ஒட்டிய காகிதத்தில் ஒரு பயில்வான் திராட்சைக் குலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். மருந்து சிவப்பாக, கிராம்பு வாசனையோடு இனிப்பாக இருந்தது. அன்றைக்கே எங்கள் ஜீப்பில் பாதிப் பேர் வாங்கிவிட்டார்கள். ஏலச்செடிக்கு அடியில் நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு விட்டுப்போனதால் எங்களோடு காய் பறிக்கும் ஜக்கம்மாள் வாங்கினாள். ஜக்கம்மாள் வாங்கியதால் அவளுடைய சம்பந்தி வீட்டில் வாங்கினார்கள். மொக்கம்மாள் மட்டும், "சோத்த விட்டு எனக்கு எந்தச் சத்தும் வேணாம்" என்று சொல்லி வாங்கவில்லை.

விவரம் தெரிந்தவள் மாதிரி இருக்கிறாயே, நீ ஏன் வாங்கினாய் என்று கேட்டதற்குச் சொல்வது: எங்கள் வீட்டில் பசு மெலிந்தால் பருத்திக்கொட்டை வாங்குவோம். என் கணவருக்குக் காய்ச்சல் வந்து தேறினால் ஆட்டுக்கால் வாங்குவோம். எனக்கென்று நோவு ஒன்றும் இல்லாததால் எனக்கு எதுவும் வாங்கியது கிடையாது. அந்தப் பாட்டிலை மாடத்தில் வைத்து, மூடியில் ஊற்றிக் குடித்து, மூடியை நக்கிவிட்டு மூடி வைக்கும்போது, இந்த உடம்புக்கும் ஒருத்தர் கவனிப்பு இருக்கிறது என்று தோன்றும். மலை ஏறும்போது மூச்சு வாங்குவதுகூடக் குறைந்த மாதிரி இருந்தது. அதனால் வாங்கினேன்.

பொன்னுமணி வாங்கியது வேறு காரணத்துக்காக. அவளுடைய முதல் பிள்ளை பிறந்து மூச்சு விடாமலே போய்விட்டது. இந்தப் பிள்ளை வயிற்றில் வந்ததிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் தின்றுவிடுவாள். ஆஸ்பத்திரி நர்சம்மா இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார். அதை விழுங்கினால் குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு, மூக்கைப் பிடித்து விழுங்கி வந்தாள்.

அதன் பிறகு ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் நாங்கள் வேலை முடித்து இறங்கும்போது மழையும் மூடுபனியுமாக இருந்தது. திருப்பதியும் விற்காத பெட்டிகளோடு வந்தார். பொன்னுமணி மாசமாக இருப்பதால் சிக்கந்தர் அவளை முன் சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்தார். நான் அவளுக்கு நேர் பின்னால் இருந்தேன். எங்களுக்குப் பின்னால் பெட்டிகள் இருந்தன. கடைசியில் ஜீப்பின் வாசலை ஒட்டித் திருப்பதி இருந்தார். மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் திடீரென்று மேலேயிருந்து மண் சரிந்து விழுந்தது. சிக்கந்தர் ஒடித்துத் திருப்பினார். ஜீப்பு வழுக்கிக்கொண்டு போய், முன் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, அடிப்பாகம் ஒரு பாறையில் மோதி நின்றது. முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்துத் தொங்கியது. பொன்னுமணியின் காலுக்குக் கீழே மேகம்தான் தெரிந்தது.

எல்லாரும் கூச்சல் போட்டோம். ஜக்கம்மாள் குதிப்பதற்காக எழுந்தாள். உடனே ஜீப்பு முன்னால் ஒரு தாழ்வு தாழ்ந்தது. சிக்கந்தர், "ஒருத்தரும் எந்திரிக்காதீக ஆத்தா! பின்னாடி கனம் கொறஞ்சா கவுந்துரும்!" என்று கத்தினார். ஜக்கம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது திருப்பதி ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டிருந்தார். இன்னொரு காலை எடுத்தால் அவர் தப்பித்தார். அவர் எங்களைப் பார்த்தார். வைத்த காலை மேலே இழுத்து, பெட்டி மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இருக்கேன், இருக்கேன், நீங்க சோலியப் பாருங்க" என்று சொன்னார். இரண்டு கையாலும் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் முன் சீட்டின் மேல் சாய்ந்து பொன்னுமணியின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்தேன். மொக்கம்மாள் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பொன்னுமணி, "மதினி, வயித்துல இடிக்குது மதினி" என்று அழுதாள். நான், "கண்ண மூடிக்க தாயி, கீழ பாக்காத" என்று சொல்லி, சீட்டைத் தாண்டி அவளை என் மடிக்கு இழுத்துப் போட்டேன். எங்கிருந்து அந்த பலம் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் பின்னால் வந்ததும் ஜீப்பு லேசாகப் பின்னால் அமர்ந்தது. அந்த அசைவு தொடையில் தெரிந்ததும் எங்களுக்கு உயிர் வந்தது.

சற்று நேரத்தில் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. லாரிக்காரர்கள் வடம் போட்டு ஜீப்பின் பின்பக்கத்தைக் கட்டிப் பிடித்த பிறகு ஒவ்வொருவராக இறங்கினோம். திருப்பதி எங்களை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் இறங்கினார். சிக்கந்தர் கடைசியாக வந்தார். அதன் பிறகு வடத்தை லாரிக்காரர்களோடு நாங்களும் பிடித்தோம். மழையில் வழுக்கி வழுக்கி விழுந்து, எழுந்து, ஐலசா போட்டு இழுத்தோம். ஜீப்பு ரோட்டுக்கு ஏறியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று தெரியவில்லை, நிறுத்த முடியவில்லை. திருப்பதி பெட்டியை உடைத்து ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். நடு ரோட்டில், மழையில், பாட்டிலோடு வாயில் கவிழ்த்துக் குடித்தோம். மொக்கம்மாளும் குடித்தாள். திருப்பதி, "பாத்தீகளா, டானிக்கு செய்யிற வேலைய!" என்று கத்தினார். நாங்கள் ஆமாம் என்று கத்தினோம். நானும் அதை நம்பித்தான் கத்தினேன். அதுவரை டானிக் குடிக்காத மொக்கம்மாள்தான் ஜீப்பில் என்னைத் தாங்கிப் பிடித்திருந்தாள் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து போடி முழுக்க இதே பேச்சாக இருந்தது. திருப்பதி சந்தையில் மைக் கட்டி, "ராசிங்காபுரம் அன்னக்கொடி ஒத்தக் கையால ஜீப்பத் தூக்குனாங்க, குடிச்சது நம்ம டானிக்கு" என்று சொல்லி விற்றார். நான் ஒற்றைக் கையால் எதையும் தூக்கவில்லை. ஆனாலும் நான் போய் மறுக்கவில்லை. கடைத்தெருவில் பெண்கள் என் புஜத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். என் கணவர் டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஒரு காலையில் பொன்னுமணி குடத்தைத் தூக்கப் போனவள் குழாயடியிலேயே மயங்கி விழுந்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது. சிக்கந்தர் ஜீப்பில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, வலியும் வந்துவிட்டது, உடனே ரத்தம் வேண்டும் என்று சொன்னார். என் கணவரின் ரத்தம் சேரவில்லை. சிக்கந்தர், "எந்தங்கச்சிக்கு எடுத்துப் பாருங்கம்மா" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனார். அவருடையது சேர்ந்தது. மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. குறை மாதம்தான், கைப்பிடி அளவுதான் இருந்தது. ஆனால் அது அழுத சத்தம் வாசல் வரை கேட்டது. சிக்கந்தர் கையில் பஞ்சோடு ஓடி வந்து, "அழுகுதா? அழுகுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா, மாத்திரை சாப்பிட்டாயா என்று பொன்னுமணியைக் கேட்டார். அவள், ஜீப்பு சம்பவம் நடந்த மறுநாளே நிறுத்திவிட்டதாகவும், டானிக் இருக்கும்போது அந்தக் கசப்பு எதற்கு, அதைத் தூக்கிப் போடு தாயி என்று திருப்பதி சொன்னதாகவும் சொன்னாள். "மதினிக்கு அம்புட்டு பலம் குடுத்துச்சே, எம்பிள்ளைக்குக் குடுக்காதான்னு நெனச்சேன்" என்றும் சொன்னாள். நான் வீட்டிலிருந்து எடுத்துவரச் செய்த பாட்டிலை டாக்டரம்மா முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வெல்லப்பாகும் சாயமும்தான் என்று சொன்னார்.

மறுநாள் சந்தை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்சில் வந்து இறங்கும்போது மைக்கில் என் பெயர் கேட்டது. நேராக அங்கே போனேன். கூட்டத்தின் முன்னால் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. நான் மேசை மேல் ஏறி மைக்கைப் பறித்தேன். "நாந்தான் அன்னக்கொடி. ஜீப்பத் தூக்குனது இந்தத் தண்ணி இல்ல. ஜீப்பத் தூக்குனது பயம். மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டு இதக் குடிச்ச எங்க பொன்னுமணி ரத்தமில்லாமக் கெடக்குறா. வயித்துப்பிள்ளக்காரி எவளும் இதக் குடிக்காதீக!" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, கையில் கிடைத்த பாட்டிலைத் தரையில் அடித்து உடைத்தேன். அதன் பிறகு கூட்டத்தில் மற்றவர்களும் உடைத்தார்கள். தரையெல்லாம் சிவப்பாக ஓடி, ஈ மொய்த்தது.

அப்போது சிலர் திருப்பதியைக் கீழே தள்ளி அடிக்க ஆரம்பித்தார்கள். நான் மைக்கைக் கீழே போட்டுவிட்டு அவர் மேல் குனிந்து மறித்தேன். என் முதுகில் இரண்டு அடி விழுந்தது. "அடிக்காதீக! அன்னைக்கி இந்த ஆளு கீழ எறங்கியிருந்தா நாங்க ஒருத்தரும் இல்ல!" என்று கத்தினேன். சிக்கந்தரும் வந்து மறித்ததால் கூட்டம் விலகியது. திருப்பதியின் நெற்றிக் காயத்தில் என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல், "நெசமாவே சத்து இருக்குன்னுதான் எனக்கும் சொல்லி வித்தாங்க" என்றார். அது உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது. ஆனால் மாத்திரையைத் தூக்கி எறியச் சொல் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவர் இறங்காமல் ஜீப்பில் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்தே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பொன்னுமணியும் குழந்தையும் இப்போது நலமாக இருக்கிறார்கள். நேற்று அவளைப் பார்க்கப் போனபோது நான் கேட்காமலே நர்சம்மா என் கண் இமையையும் இழுத்துப் பார்த்து, உனக்கும்தான் ரத்தம் குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கசக்கிறது. சாப்பிட்டு வருகிறேன்.

நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மைக்கைப் பறித்தேன் என்று இருப்பதை வாங்கினேன் என்று மாற்றினால் உனக்கு நல்லது என்று, இதை எழுதிய போலீஸ் சார் சொன்னார். பறித்தேன் என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

(ஒப்பம்) கா. அன்னக்கொடி