முதல் பெயர் யாருக்கு

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

தப்பு ஆரம்பித்தது நோட்டீஸில்தான். இறால் பண்ணையால் வயலெல்லாம் உப்பாகிறது என்று மருதையன் கடைமடை ஊர்களைத் திரட்டிப் போராடினார். பண்ணை வேண்டும் என்று சொல்ல கம்பெனிக்கும் ஒரு விவசாயிகள் சங்கம் தேவைப்பட்டது. அதை உண்டாக்கிக் கொடுப்பது என் தொழில். லாரி, பிரியாணி, பச்சைத் துண்டு எல்லாம் நான்தான் ஏற்பாடு செய்தேன். குத்தகை விவசாயி ரெங்கசாமியைத் தலைவராக்கினேன்.

எங்கள் நோட்டீஸைக் கடைத்தெருவில் வைத்துப் படித்த மருதையன் சிரித்துவிட்டார்.

"பேரெல்லாம் அகர வரிசையில இருக்குப்பா! நம்மூர்ல நோட்டீஸ் அடிச்சா, முதல் பேரு யாருதுன்னு ரெண்டு மண்டையாவது உடைஞ்சிருக்கணுமே. இது சங்கமில்ல, பள்ளிக்கூடத்து அட்டென்டன்ஸ்."

தெருவே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். யாருக்கும் வலிக்காத சங்கத்தில் சண்டை எப்படி வரும்?

பண்ணையைப் பற்றி விசாரிக்க அரசுக் குழு வரவிருந்த சமயத்தில் ரெங்கசாமி என்னைத் தேடி வந்தார்.

"பயமா இருக்குங்க சார். எவனும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறான். என் வயலும் உப்பு பூத்துடுச்சு. குழுகிட்ட உள்ளத சொல்லிடுறேங்க."

தட்டிக்கொடுத்தேன். நல்ல மனிதர். மறுநாள் பண்ணையைப் பார்க்கலாம், வாருங்கள் என்றேன். நம்பி வந்தார்.

அவர் உடலை இறால் குளத்திலிருந்து எடுத்தபோது, மருதையன் ஆட்கள்தான் கொன்றார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. இறுதி ஊர்வலத்துக்கு எங்கள் ஆட்கள் லாரி கேட்கவில்லை, நடந்தே வந்தார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் முதல் பெயர் யாருடையது என்று அச்சகத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கத்துக்கு உயிர் வந்துவிட்டது.

அச்சகத்து ஜெகபர் அலி உங்களிடம் சொன்னது உண்மைதான். அந்தப் போஸ்டருக்கு நான் படம் கொடுத்தபோது, ரெங்கசாமி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் அவர் தலையை அழுத்திப் பிடித்ததும் இந்தக் கைகள்தான். அதிகம் திமிறவில்லை.

வெளியே கேட்கிறதா? கொலைகாரனை எங்களிடம் விடு என்கிறார்கள் எங்கள் சங்கத்து ஆட்கள். மருதையன்தான் உள்ளே இருக்கிறார் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்றுதானா?

என் பெயரை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், சார். உயிருக்குப் பயந்து கேட்கவில்லை. பாடுபட்டு உண்டாக்கிய சங்கம், உடைந்துவிடக் கூடாது.