ஃப்ரீசரைப் பிடுங்கி ரவுட்டரைச் செருகிய கதை

அவைத் தலைமையை அழகு செய்து அமர்ந்திருக்கும் ஐயா, மோகா நகர மளிகைக் கடைக்காரர் சங்கத்தின் தளராத தலைவர் தோன் அன்செல்மோ அவர்களே! அரிசி மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்தாலும் மனம் வளையாத மூத்த உறுப்பினர்களே! கால் பவுண்டு சலாமி கேட்டுவிட்டு அரை மணி நேரம் ஊர்க்கதை சொல்லும் அன்புத் தாய்மார்களே! ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக டோமினோ மேசையை விட்டு எழுந்து வந்திருக்கும் தியாகச் செம்மல்களே! உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி, கரம் கூப்பி...

பொறுங்கள். மன்னியுங்கள். கத்துவது என் சட்டைப்பைதான்.

பாருங்கள் என் லட்சணத்தை! வாழ்நாளில் முதல் முறை மேடை ஏறியிருக்கிறேன். அரைக்கை சட்டையை மனைவி இரண்டு முறை தேய்த்துக் கொடுத்தாள். கைபேசியின் வாயை அடைத்துவிட்டு ஏற வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. 'புது ஆர்டர், புது ஆர்டர்' என்று நெஞ்சுக்குள்ளிருந்து கத்துகிறது. ஒரு கட்டு மல்லி, இரண்டு வாழைக்காய், ஒரு பாட்டில் குளோரின். யார் கேட்டது? தோஞா பாஸ்தோரா! முன்வரிசையில், என் மூக்குக்கு நேரே அமர்ந்துகொண்டு!

"நாந்தான், எலியோதோரோ! உன் மக பண்ணின ஆப் நெசமாவே வேலை செய்யுதான்னு பாத்தேன். செய்யுது. நீ பேசு, பேசு."

நன்றி, தாயே. வாழைக்காய் வீடு வந்து சேரும். குளோரினை என் நாக்கில் ஊற்றிக்கொண்டு தொடர்கிறேன்.

பெரியோர்களே! இந்த விழா யாருக்கு? நம் கடைகளுக்கு வீட்டிலிருந்தே ஆர்டர் அனுப்புவதற்கு ஒரு செயலியைச் செய்து கொடுத்த என் மகள் யுலேய்சிக்கு. மூன்றாம் வரிசையில், 'அப்பா என்ன உளறப் போகிறாரோ' என்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு. நாளைக் காலைப் பேருந்தில் தலைநகருக்கு வேலைக்குப் போகிறாள். பாராட்டை நீங்கள் செய்துவிட்டீர்கள். பட்ட பாட்டை நான் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தராசு தெரியும், தக்காளி தெரியும். இந்தத் தகராறு பிடித்த தொழில்நுட்பம் எனக்குத் தெரியுமா? தெரியாது! ஆனால் அது என்னை எரிச்சல்படுத்திய அளவுக்கு இந்த உலகில் எதுவும் எரிச்சல்படுத்தியதில்லை!

நடந்தது இதுதான். தலைநகரத்து நிறுவனம் ஒன்று அவளிடம், 'நீ செய்த செயலியை வீடியோ அழைப்பில் எங்களுக்கு இயக்கிக் காட்டு' என்றது. ஒரே வாய்ப்பு. செயலி ஓடினால் வேலை, தலைநகரம், தனி வாழ்க்கை. ஓடாவிட்டால் இங்கே, என் கடையில், என் பக்கத்தில், வெங்காய மூட்டைக்கும் முட்டை அட்டைக்கும் நடுவில்.

சரி, காட்டு என்றேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மடிக்கணினியைக் கல்லா மேல் வைத்தாள். அந்தக் கணினிக்குள் இன்னொரு கணினியை உண்டாக்கினாள். வர்ச்சுவல் மெஷின் என்றாள். ஆர்டர்களை வாங்கி வைக்கும் கடை அதுதானாம். அதே திரையில் ஒரு கைபேசியையும் உண்டாக்கினாள். பொத்தான் உண்டு, படம் உண்டு, கையில் எடுக்க மட்டும் முடியாது. எமுலேட்டர் என்றாள். வாடிக்கையாளரின் கைபேசி மாதிரி நடிக்கும் போலிக் கைபேசி. போலிக் கைபேசி ஆர்டர் போட வேண்டும், உள்கணினி அதை வாங்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டிக்குள்! நடுவில் ஒரு விரற்கடை தூரம்கூடக் கிடையாது! அனுப்பினாள். என்ன வந்தது?

'இணைப்பு இல்லை.'

ஐயா, எதிர்வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்கிறது. நியூயார்க்கில் இருக்கும் என் தங்கைக்குக் கூப்பிட்டால் அவள் குக்கர் விசில்கூடக் கேட்கிறது. ஒரே பெட்டிக்குள், ஒரே திரையில், உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு இருக்கும் இரண்டுக்கு இணைப்பு இல்லையாம்! இது நியாயமா? இது அடுக்குமா? இதைக் கேட்க ஆள் இல்லையா? இப்படி நான் அன்று கத்தியபோது, என்னைப் 'பாப்பி' என்று கூப்பிடும் மகள் சொன்னாள்:

"பாப்பி, கத்தாதீங்க. சின்ன விஷயந்தான். ஆர்டர் வாங்குற சர்வர் எங்கே இருக்குன்னு கேட்டா, 'இதே மெஷின்ல'ன்னு நான் எழுதி வச்சிருந்தேன். போனுக்குள்ள இருந்து பாத்தா இதே மெஷின்னா அந்தப் போன்தானே? அது தன்னோட பையிலேயே தேடிக்கிட்டு நிக்குது."

முகவரியை மாற்றினாள். கடையின் ரவுட்டரிடமிருந்து உள்கணினிக்குத் தனியாக ஓர் எண் வாங்கிக் கொடுத்தாள், வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல. அந்த எண்ணைச் செயலியில் எழுதினாள். அனுப்பினாள். ஓடியது! ஓடியது பெரியோர்களே! நான் துள்ளினேன், பச்சாத்தா பாட்டைப் பெரிதாக வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அனுப்பினாள்.

'இணைப்பு இல்லை.'

மறுநாள் காலை சரியாக ஓடியது. மாலை? இணைப்பு இல்லை! அதற்கு மறுநாள் மாலை ஓடியது. காலை? இணைப்பு இல்லை! என்ன தொழில்நுட்பமோ, கல்யாணமாகாத மாப்பிள்ளை மாதிரி ஒரு நாள் சிரிக்கிறது, ஒரு நாள் முறைக்கிறது.

அப்போது ஆரம்பித்தது ஐயா, தெருவின் ஆலோசனைக் கூட்டம். ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லோரும் பொறியாளர் ஆனார்கள். என் மச்சான் எவாரிஸ்தோ, அதோ, பின்னால் தொப்பியோடு ஒளிந்திருக்கிறானே, அவன்தான் தலைமைப் பொறியாளர்.

"மச்சான், அணைச்சுட்டுப் போடுங்க. எல்லாத்துக்கும் அதான் வைத்தியம்."

"எதடா அணைக்கச் சொல்ற?"

"எல்லாத்தையும்!"

அணைத்தாள். போட்டாள். இல்லை. 'ரவுட்டரை உயரத்தில் வையுங்கள்' என்றார் ஒருவர். உயரத்தில் வைத்தோம். 'பூனைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்' என்றார் இன்னொருவர். ஏன் என்று நான் கேட்கவில்லை, நகர்த்தினேன். தோஞா பாஸ்தோரா என்ன சொன்னார்கள், நினைவிருக்கிறதா?

"மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துன்னு சொன்னேன். தப்பா?"

தப்பே இல்லை தாயே! ஏற்றினோம். அதை ரவுட்டர் மேலேயே ஏற்றினான் எவாரிஸ்தோ. மெழுகு உருகி உள்ளே இறங்கியதைத் துடைத்தது யார்? நான்!

"மச்சான், அதையும் மேடையில சொல்லணுமா?"

சொல்லித்தான் ஆக வேண்டும் தம்பி! வயிறெரிந்து சொல்கிறேன்!

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது யார்? நாங்களா? நாங்கள் கத்தினோம், அவள் கவனித்தாள். ஒரு பிற்பகல் கரண்ட் போனது. நம் ஊரில் கரண்ட் போவதையும் வருவதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? போனால் முணுமுணுப்போம். வந்தால் தெருவே ஒரே குரலில் 'வந்துருச்சு!' என்று கத்துவோம். அன்றும் கத்தினோம். யுலேய்சி மட்டும் கத்தவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பாப்பி, நீங்க எல்லாரும் 'வந்துருச்சு'ன்னு கத்தும்போதெல்லாம் இது படுத்துக்குது."

"கத்தினா கெட்டுப்போயிடுமா?"

"கத்துறதால இல்ல பாப்பி! கரண்ட் போனா ரவுட்டரும் செத்துப்போகுது. திரும்ப உயிர் வந்ததும், யாருக்கு எந்த நம்பர் குடுத்தோம்னு அதுக்கு ஞாபகம் இல்ல. முதல்ல யார் வந்து நிக்கிறாங்களோ அவங்களுக்குக் குடுத்துடுது. தெரு முழுக்க நம்ம வைஃபைலதானே இருக்கு? எல்லாரோட போனும் முந்திக்கிட்டு ஓடிவருது. என் உள்கணினிக்கு வேற நம்பர். ஆப் பழைய நம்பர்லயே போய்க் கதவைத் தட்டுது. இப்ப அந்த நம்பர்ல யாரு இருக்காங்க தெரியுமா? தோஞா பாஸ்தோராவோட போன்!"

ஆக, அத்தனை நாளும் என் மகள் போட்ட ஆர்டர் எல்லாம் உங்கள் கைபேசியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது தாயே! கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"எனக்கென்னய்யா தெரியும்? நான் நாடகம் பாத்துக்கிட்டிருந்தேன்!"

சரி. உள்கணினிக்கு யாரும் பறிக்க முடியாத நிலையான எண்ணைப் போட்டாள். கரண்ட் போனாலும் வந்தாலும் அதே கதவு, அதே எண். தீர்ந்தது தொல்லை என்று நினைத்தேன். நினைத்தேனே, அதுதான் என் அறிவு!

வந்தது அந்தச் சனிக்கிழமை. காலை வெயில். வாசலில் டோமினோ மேசையில் நான்கு பேர். கல்லா மேல் மடிக்கணினி. திரையில் தலைநகரத்து மூன்று பேர், கழுத்தில் டையோடு. யுலேய்சி தலைவாரி, அம்மாவின் தோடு போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். போலிக் கைபேசியைத் திறந்தாள். பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

கரண்ட் போனது.

மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு, அது விழித்திருந்தது. ரவுட்டருக்கு? இல்லை! திரையில் அந்த மூன்று முகங்களும் அப்படியே உறைந்துபோயின. உங்களைக் கேட்கிறேன், கடைக்காரப் பெருமக்களே! நம் கடைகளில் இன்வெர்ட்டர் இல்லையா? இருக்கிறது! அந்த இன்வெர்ட்டரில் எதை மாட்டியிருக்கிறோம்? பாட்டுப் பெட்டியை மாட்டியிருக்கிறோம்! பீர் ஃப்ரீசரை மாட்டியிருக்கிறோம்! பீர் பாட்டில், மணப்பெண் போல வெள்ளை உடுத்தி உறைபனியோடு வெளியே வர வேண்டும் என்பதற்காக மாட்டியிருக்கிறோம்! ஊர் இருண்டாலும் பீர் சூடாகக் கூடாது என்பது நம் கொள்கை! ரவுட்டரை? சுவரில் சும்மா மாட்டியிருக்கிறோம்!

"பாப்பி! ரவுட்டர இன்வெர்ட்டர்ல போடுங்க! சீக்கிரம்! அவங்க போயிடுவாங்க!"

ஓடினேன். ரவுட்டரின் வயர் எட்டுகிற இடத்தில் இன்வெர்ட்டரின் ஒரே ஒரு துளைதான். அதில் ஃப்ரீசர். பிடுங்கினேன். வாசலில் இருந்து ஒரு குரல்.

"எலியோதோரோ! ஃப்ரீசர் சத்தம் நின்னுபோச்சே! என்னய்யா பண்ற?"

"சும்மா இருங்கடா!"

"பாட்டப் புடுங்குய்யா, பீர ஏன் புடுங்குற?"

பாட்டின் துளை அந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது ஐயா! வயர் எட்டாது! நானும் யோசிக்காமல் இருந்திருப்பேனா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரவுட்டரின் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒரு கணம் நின்றேன். துளை திறந்திருக்கிறது, பிளக் என் விரலில் இருக்கிறது, கை மட்டும் போகவில்லை.

"பாப்பி!"

ஏன் நின்றீர்கள் என்று கேட்கிறீர்களா? சனிக்கிழமை! நிரம்பிய ஃப்ரீசர்! வெள்ளை உடுத்திய மணப்பெண்கள் வரிசை வரிசையாக உள்ளே! வியாபாரிக்கு மனசு வருமா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். யுலேய்சியும் சிரிக்கிறாள்.

செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. உறைந்த முகங்கள் உயிர் பெற்றன. அவள் பொத்தானை அழுத்தினாள். அதே எண், அதே கதவு. உள்கணினி ஆர்டரை வாங்கி 'புது ஆர்டர்' என்று கூவியது. மாதிரிக்கு அவள் என்ன ஆர்டர் போட்டிருந்தாள்? 'ஒரு பீர், நன்றாகக் குளிர்ந்தது.' அந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பீர் அன்றைக்குச் சுடுநீர் ஆனது. எவாரிஸ்தோ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வேலை கிடைத்தது.

ஆகவே அன்பர்களே, ஆறாம் வகுப்புக்காரன் உங்கள் முன் கைகூப்பிக் கேட்கிறேன். இன்றே வீட்டுக்குப் போங்கள்! இன்வெர்ட்டரைப் பாருங்கள்! எதை மாட்டியிருக்கிறோம் என்று பாருங்கள்! நம் பிள்ளைகள் இந்த மோகா நகரத்துக் கல்லா மேல் உட்கார்ந்து உலகத்தின் கதவைத் தட்டுகிறார்கள். தட்டும் நேரத்தில் நாம் பாட்டு கேட்கிறோம். தட்டும் நேரத்தில் நாம் பீரைக் குளிர வைக்கிறோம். பீர் சூடாகட்டும்! பாட்டு நிற்கட்டும்! பிள்ளைகள் போகும் வழி ஒரு நிமிடம்கூட அடைபடக் கூடாது! ரவுட்டரை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள்! இதைத் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள் தோன் அன்செல்மோ அவர்களே!

"கொண்டுவந்துட்டேன்யா! கை தூக்குங்க எல்லாரும்!"

அத்தனை கைகள்! பின்வரிசையில் தொப்பியோடு ஒரு கைகூட! என் பேச்சைப் பொறுத்த பொறுமைக்கும், என் மகளைத் தட்டிக்கொடுத்த கைகளுக்கும், இத்தனை நேரம் போகாமல் இருந்த கரண்டுக்கும் கடமைப்பட்டவனாக, வந்தாரை எல்லாம் வாழ்த்தி, அமர்ந்தாரை எல்லாம் வணங்கி விடைபெறுகிறேன்.

கைதட்டல் ஓய்வதற்குள் இறங்கிவிட்டேன். யுலேய்சி எழுந்து வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "பாப்பி, பீருக்காக என் வேலையவே விட்டிருப்பீங்க போல" என்றாள். "பின்ன? சனிக்கிழமைன்னா சும்மாவா?" என்றேன்.

பிளக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றது பீருக்காக அல்ல.