அக்கா லைனில் இருக்கிறாள்

ஹலோ... ஹலோ... ஆமா, லைன்லதான் இருக்கேன்... கேக்குது, கேக்குது, நீ பேசு... என் பேரா? லொரெட்டா. பிரேடன்லேர்ந்து பேசறேன்... என்னது, இன்னிக்குத் தலைப்பா?... ‘இறக்குமதி வரியால நாடு முன்னேறுமா, நாசமாப் போகுமா’... ஏம்மா, நான் கருத்துச் சொல்லக் கூப்பிடலை. வெஸ்லியோட கூடப்பிறந்த அக்கா நான். அவன்கிட்ட குடு... ரேடியோ நிகழ்ச்சி நடத்திட்டிருந்தா இருக்கட்டும். அவனோட செல்லுக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுத்தான் ஊரார் கூப்பிடற நம்பருக்கு வந்திருக்கேன்... சரி, கருத்துத்தான் வேணும்னா எழுதிக்கோ. என் சமையல்கட்டு முழுக்க ரத்தம். என் புருஷன் மண்டை பொளந்து கெடக்காரு. எழுதிட்டியா? கொண்டு போய் அவன் மூஞ்சிக்கு முன்னாடி காட்டு.

...

என்னங்க... கர்ட்... இங்க பாருங்க, கண்ணை மூடாதீங்க. துண்டை அழுத்திப் பிடிச்சிருக்கேன், வலிக்கட்டும், வலிச்சாத்தான் தூங்க மாட்டீங்க...

ஹலோ? வெஸ்லியா?... பாட்டுப் போட்டுட்டு வந்தியா? ரொம்பப் பெரிய உபகாரம்... ஆமாடா, உன் மச்சானைத்தான். உசிரு இருக்கு. இருக்குன்னுதான் நினைக்கறேன்... யார் அடிச்சாங்களா? உன் ரசிகனுங்க! தினமும் மத்தியானம் நீ சோறூட்டி வளர்க்கறியே, அந்தப் பிள்ளைங்க!

... இல்லை, நான் பார்க்கலை. கீழ்த்தளத்துல துணி துவைச்சுட்டிருந்தேன். மேல படார்னு ஒரு சத்தம். ஓடி வந்தா பின்கதவு பாதி தொங்குது, அடுப்புக்கு முன்னாடி இவரு கவுந்து கெடக்காரு, பக்கத்துல ஒரு இரும்புக் குழாய். அடிச்சவன் வெளியே ஓடிட்டான். சாப்பாட்டு மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்... ஆமா, அப்பாவோட துப்பாக்கி மடியிலதான் இருக்கு. ரெண்டு குழலும் நிரப்பியிருக்கேன்.

... போலீஸைக் கூப்பிடாமலா உன்னைக் கூப்பிடுவேன்? போலீஸ் வண்டி ஜில்லாவோட அந்தக் கோடியில இருக்காம். பனியில வந்து சேரணுமாம். போலீஸ் வந்து எடத்தைப் பார்த்து ‘சரி’ன்னு சொன்னாத்தான் ஆம்புலன்ஸ் உள்ள வருமாம். அதுவரைக்கும் இந்த மண்டைக்கு யார் பதில் சொல்றது?

... வெளியே ஏழெட்டுப் பேரு. பாதிப் பேர் வேலியோரம் நின்னு வேடிக்கை பார்க்கறாங்க. முன்னாடி நிக்கறது டெல்பர்ட்டும் ராய்ஸும்... அவங்கதான்டா, உன் மச்சான் மேனேஜரா இருந்த ஃபேக்டரியில தகடு வளைச்சிட்டிருந்தவங்க. டெல்பர்ட் கையில பெட்ரோல் கேன். ராய்ஸோட பிக்கப் வண்டி என் தோட்டத்து நடுவுல நிக்குது, கதவு ரெண்டும் திறந்து கெடக்கு, உள்ள ரேடியோ அலறுது. என்ன ஓடுது தெரியுமா? நீ போட்ட பாட்டுத்தான்!

அதான் சொல்றேன். அவனுங்க போலீஸ் சொன்னாக் கேக்க மாட்டானுங்க. பாதிரியார் சொன்னாக் கேக்க மாட்டானுங்க. நீ சொன்னாக் கேப்பானுங்க. பாட்டை நிறுத்து, மைக்கைப் பிடி, ‘டெல்பர்ட், வீட்டுக்குப் போ’ன்னு சொல்லு. அவ்வளவுதான்.

... என்ன ‘பார்க்கலாம்’? என்ன வக்கீல்கிட்ட கேக்கணும்?... பேர் சொல்லலையா? அடேயப்பா. பேர் சொல்லலை, நிஜம்தான். ‘ஏரிக்கரையில நீலக் கூரை போட்ட வீட்டுல உக்காந்து உங்க சோத்துல மண்ணைப் போட்டவன் காபி குடிச்சிட்டிருக்கான், போய்க் கேளுங்க’ன்னு சொன்னே. இந்த ஊர்ல எத்தனை நீலக் கூரைடா இருக்கு? அந்தக் கூரைக்குத் தகடு தூக்கிக் குடுத்தவனே நீதானே!

... கருத்து. உன்னோட சொந்தக் கருத்து. உன் கருத்துக்கு என் வீட்டுல ஏன்டா கதவு ஒடையுது?

அய்யோ! ... ஒண்ணுமில்லை, ஜன்னல். செங்கல்லு வந்து விழுந்துது. கண்ணாடி இவரு மேலெல்லாம்... இரு, இரு, தட்டி விடறேன்...

டேய் டெல்பர்ட்! இன்னொரு கல்லு வந்துதுன்னா உன் தொப்பியை மட்டுமில்லை, தலையையும் சேர்த்துத் தூக்கிருவேன்! பொம்பளைதானேன்னு நினைக்காதே! மான் வேட்டைக்கு உன்னை விட நான் அதிகம் போயிருக்கேன்!

... ஆங், சொல்லு வெஸ்லி... இல்லை, இன்னும் சுடலை... என்ன கேக்கறே? ஃபேக்டரியை ஏன் மூடினாங்கன்னா? அதை இப்பவா கேக்கறே? மாசக்கணக்கா அதைப் பத்தித்தானே கத்தினே, அப்ப ஒரு ஃபோன் பண்ணி உன் மச்சானைக் கேட்டியா?

சரி, கேட்டுக்கோ. வெளிநாட்டுத் தகடுக்கு வரி போட்டாங்க. நீ குதிச்சே, ‘நம்ம வேலை நமக்கே’ன்னு. நானும்தான் கை தட்டினேன். நானும் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன், மறைக்க என்ன இருக்கு? வாஷிங் மெஷினுக்கு டிரம் பண்ணிட்டிருந்த ஃபேக்டரி அது. தகடு விலை ஏறிச்சு, டிரம் விலை ஏறிச்சு, வாங்கறவன் வேற எடம் பார்த்துட்டான். எங்கேயோ சிகாகோவுல கண்ணாடிக் கட்டடத்துல உக்காந்திருக்கற முதலாளி ‘மூடு’ன்னான். உன் மச்சான் ரெண்டு தடவை கார் ஓட்டிட்டுப் போய் அவன் வாசல்ல நின்னாரு. உள்ளயே விடலை... ஆமா... ஆமா, கையெழுத்து இவருதுதான். எல்லாரையும் அனுப்பற கையெழுத்தை இவரைப் போட வச்சுட்டு, அன்னிக்கு சாயங்காலமே இவரையும் வெளியே தள்ளிட்டாங்க. எய்தவன் சிகாகோவுல இருக்கான், அம்பை வந்து முறிக்கறானுங்க!

... யார்கிட்டயும் சொல்லலை. வெட்கம். ‘மூடின ஃபேக்டரியில கணக்கு முடிக்கற வேலை இருக்கு’ன்னு சொல்லிட்டு, காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போய் ஏரிக்கரையில கார்ல உக்காந்துட்டு வருவாரு. எனக்கே போன வாரம்தான் தெரியும்.

வெஸ்லி... ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் பேசாம இரு.

... வெளியே பாட்டுச் சத்தத்தைக் காணோம்.

‘வெளியே பாட்டுச் சத்தத்தைக் காணோம்’னு என் குரல் கேக்குது. பிக்கப் ரேடியோவுல. என் குரல்டா அது!

என்னை ஏத்திட்டியா? என்னைக் கேக்காம நேரலையில ஏத்திட்டியா? எப்பலேர்ந்து?... செங்கல்லு விழுந்தப்பவா? அட பாவி. எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு சும்மாவா சொன்னாங்க! ஒரு வார்த்தை சொல்லி அவனுங்களை அனுப்புடான்னு கேட்டா, அக்கா கதறலை ஊருக்குப் போட்டுக் காட்டறே!

... உன் வாயை மூடு. இல்லை, நிறுத்தாதே. லைனை வெட்டாதே. ஏத்தினது ஏத்திட்டே, இப்ப நானே பேசறேன்.

ராய்ஸ். கேக்குதா? தலையைத் தூக்கிப் பாரு, ஜன்னல்கிட்டத்தான் இருக்கேன். உனக்குக் கோபம் இருக்கு. இருக்கணும். முட்டை வாங்கப் போனா தங்கம் வாங்கற மாதிரி இருக்கு. உன் பொண்டாட்டி மெடிக்கல் இன்ஸூரன்ஸுக்குக் கட்டறது வீட்டுக் கடனை விட அதிகம்னு அவளே சொன்னா. பன்னிக்கறி ஃபேக்டரியில முகமூடி போட்ட குடியேற்ற அதிகாரிங்க வந்து, வெளிநாட்டுலேர்ந்து பிழைக்க வந்த எஸ்பினோசாவைப் பிடிச்சுட்டுப் போனாங்க. அவனை அனுப்பினா வேலை உனக்கு வரும்னு இந்த ரேடியோ சொல்லிச்சு. வந்துச்சா? அந்த எடத்துல யாராவது உன்னைக் கூப்பிட்டானா? மிஷினைத்தானே கொண்டு வந்து வச்சான்! வாஷிங்டன்ல அந்தக் கட்சிக்காரன் இவனைத் திட்டுவான், இவன் அவனைத் திட்டுவான். ராத்திரி ஒண்ணா உக்காந்து சாப்பிடுவான். நீயும் நானும்தான் இங்க நெஜமாவே அடிச்சுக்கறோம். அவனுங்க வீட்டு ஜன்னல்ல ஒரு கீறல் விழுந்துச்சா இதுவரைக்கும்?

... இல்லை, நான் உன்கிட்ட பேசலை வெஸ்லி, சும்மா இரு... என்னது? நிறுத்தணுமா? விளம்பரமா? இப்பவா?

... வெட்டிட்டான். கடவுளே. மெத்தை விளம்பரம் ஓடுது வெளியே. ‘ஒரு மெத்தை வாங்கினா ரெண்டு தலகாணி இலவசம்.’

டெல்பர்ட், வேண்டாம்! தாழ்வாரத்துல ஊத்தாதே! டேய், உள்ள ஆளு கெடக்குடா, நகர முடியாத ஆளு!

ஹலோ, வெஸ்லி, லைன்ல இருக்கியா?... ஊத்தறான்டா. பெட்ரோல் கதவுக்கு அடியால உள்ள வருது. வாடை மூச்சை அடைக்குது. மேசைக்கடியில ஓடி வருது... கர்ட், காலை மடக்குங்க, மடக்க முடியுதா? சரி, நான் இழுக்கறேன்...

... சுட்டேன். ஜன்னல் வழியா வானத்தைப் பார்த்துத்தான் சுட்டேன். இன்னும் ஒரு குண்டு இருக்கு... டெல்பர்ட் லைட்டரை எடுத்துட்டான். ராய்ஸ் அவன் கையைப் பிடிக்கறான். விட மாட்டேங்கறான். ராய்ஸ் அவனைக் கீழ தள்ளிட்டான். பனியில புரளறாங்க... டெல்பர்ட் கழுத்தை நெரிக்கறான். லைட்டர் இன்னும் அவன் கையிலதான். நான் எங்கன்னு குறி வைப்பேன், ரெண்டு பேரும் ஒண்ணாக் கெடக்காங்க... வேலியோரம் நிக்கற ஒருத்தனும் நகரலை, ஃபோன்ல படம் பிடிக்கறான்... ராய்ஸ் கேனைத் தூக்கிட்டான். அடிச்சான். மூஞ்சியிலயே அடிச்சான். இன்னொண்ணு. இன்னொண்ணு... போதும் ராய்ஸ்! பல்லு போச்சு, போதும்! லைட்டரைப் பிடுங்கு!

... எறிஞ்சுட்டான். ஏரிப் பக்கம் எறிஞ்சுட்டான். டெல்பர்ட் எழுந்திரிக்கலை. முனகறான்... மத்தவன் எல்லாம் வண்டியைக் கிளப்பறான் பாரு, இப்பத்தான் வீட்டு ஞாபகம் வருது.

... என்ன? திரும்ப நேரலையா? எத்தனை பேர் கேக்கறாங்கன்னு எனக்கு எதுக்குடா சொல்றே? ஒஹையோ முழுக்கக் கேட்டா இவரு மண்டை ஒட்டிக்குமா?

ராய்ஸ் கதவுகிட்ட வந்துட்டான். கை ரெண்டையும் தூக்கிட்டு நிக்கறான். கையெல்லாம் ரத்தம்... என்ன ராய்ஸ்?... உன் வண்டியில ஆஸ்பத்திரிக்கா?... வெஸ்லி சொல்றான், ‘திறக்காதே, திறக்காதே’ன்னு. இப்பத்தான் உனக்கு அக்கா மேல அக்கறை பொங்குதா?... போலீஸ் எங்கே? ஆம்புலன்ஸ் எங்கே? இவரு மூச்சு இழுத்து இழுத்து வருது... திறக்கறேன். ராய்ஸ், துப்பாக்கி உன் நெஞ்சைப் பார்த்துத்தான் இருக்கும். இவரைத் தூக்கு.

...

ஹலோ... ஆமா, வண்டியில இருக்கோம். பாலத்தைத் தாண்டியாச்சு. ராய்ஸ் ஓட்டறான். இவரு தலை என் மடியில... முனகறாரு. நல்லது, முனகட்டும்... ரேடியோவை அணைச்சாச்சு. நீ ஒருத்தனே போதும், ரெண்டு வெஸ்லியைக் கேக்க முடியாது.

ராய்ஸ், மெதுவா, பனியில சறுக்குது... என்ன சொல்றே?... சத்தமாச் சொல்லு.

...

வெஸ்லி. ஒண்ணு கேளு. குழாயால அடிச்சது டெல்பர்ட் இல்லையாம்.

ராய்ஸாம். அவனே சொல்றான். ஸ்டீரிங்கைப் பிடிச்சுட்டு, ரோட்டைப் பார்த்துட்டே சொல்றான். ‘நான்தான் அடிச்சேன் லொரெட்டா. உள்ள போய்க் கேக்கலாம்னுதான் போனேன். அவரு ஒண்ணுமே பேசாம நின்னாரு. அந்த மௌனம் என்னைக் கிறுக்காக்கிடுச்சு’ன்னு அழறான்.

... ஆமா. துப்பாக்கி என் கையிலதான் இருக்கு. ஒரு குண்டு இருக்கு... தெரியும்டா, அவன் கழுத்து என் கைக்கெட்டற தூரத்துல இருக்கு... நீ புத்தி சொல்லாதே. எதுவும் சொல்லாதே. இந்த உலகத்துல யார் சொன்னாலும் கேப்பேன், நீ சொன்னாக் கேக்க மாட்டேன்.

ராய்ஸ்... கண்ணைத் துடை. ரோடு தெரியாது. ஓட்டு. வேகமா ஓட்டு. அழறதை அங்க போய் வச்சுக்கலாம்.

... இல்லை வெஸ்லி. மன்னிக்கலை. நீயா எதையாவது நினைச்சுக்கிட்டு நாளைக்கு மைக்குல அழகாப் பேசாதே. ‘அன்பு ஜெயிச்சது’ன்னு ஒரு வார்த்தை உன் வாய்லேர்ந்து வந்துச்சுன்னா, அங்க வந்து உன் மைக்கை உன் தொண்டைக்குள்ள இறக்குவேன். ஊர் முழுக்கக் கேக்கட்டும், கேட்டுட்டு இருக்காங்கதானே?... நீ வராதே. ஆஸ்பத்திரிக்கு வராதே. உன்னைப் பார்த்தா இவரு எழுந்து உக்காந்து ‘வா மச்சான்’னுதான் சொல்வாரு, அவரு அப்படிப்பட்ட ஆளு. எனக்கு அதைப் பார்க்கச் சக்தி இல்லை.

... அழறியா? அழு. அதையும் ஏத்திக்கோ.

வந்தாச்சு. வெளிச்சம் தெரியுது. வாசல்லயே போலீஸ்காரன் ஒருத்தன் நிக்கறான்... என் வீட்டுக்கு வர முடியாதவன் இங்க நிக்கறான் பாரு. ராய்ஸ், அவன் உன்னைத்தான் பார்க்கறான். கையில ரத்தத்தோட இறங்கப் போறே... ஓடணும்னா இப்பவே ஓடு. நான் அவனைக் கூப்பிட மாட்டேன்... இல்லையா?... சரி. அப்ப கதவைத் திற. கால் பக்கம் நீ பிடி. தலையை நான் பிடிச்சுக்கறேன். குலுக்காம, குலுக்காம...

என்னங்க, வந்துட்டோம், இதோ வந்துட்டோம்... ஆங், ராய்ஸ்தான். ஆமா, ராய்ஸேதான், பேசாதீங்க...

வெஸ்லி, வைக்கறேன். எனக்கு ரெண்டு கையும் வேணும்.